தாம்பரமும் வைரஸ் கணக்கும்

எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் ஒருவரின் இரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிகளுக்குக் கீழே இறங்கி நிற்பதை மருத்துவர்கள் வைரஸ் அடக்கம் என்கின்றனர். இந்தியாவில் இலவச சிகிச்சை 2004-இல் தொடங்கியபோதிலும், சிகிச்சை பெறும் அனைவருக்கும் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும் ஏற்பாடு 2018-இல்தான் வந்தது என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளின் வெற்றி தோல்விகள் வேறோர் அளவுகோலைக் கொண்டே கணிக்கப்பட்டன.

சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் 1986-இல் வேலூரில் சோதிக்கப்பட்டு நாட்டின் முதல் தொற்றுகள் வெளிப்பட்ட பிறகும், நோயாளிகளுக்குத் தருவதற்கென்று மருந்து ஏதும் அரசு மருத்துவமனைகளில் இருக்கவில்லை. மருத்துவர் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியம், 1990-களில் பிற மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாயிற்று, ஆயினும் அங்கும் காசநோய் முதலிய உடன்தொற்றுகளுக்கே வைத்தியம் நடந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்பது 1996-இல் வான்கூவர் மாநாட்டில் உறுதிப்பட்டபோது, அச்சிகிச்சையின் ஓராண்டுச் செலவு 10,000 டாலரை ஒட்டியிருந்தது. இந்திய நிறுவனமான சிப்லா 2001-இல் அதை 350 டாலருக்குத் தர முன்வந்த பின், 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று.

அக்காலத்தில் யாருக்கு மருந்து தொடங்குவது, அது வேலை செய்கிறதா என்ற இரு கேள்விகளுக்கும் சிடி4 எண்ணிக்கையே விடை சொன்னது. நோய் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் வெள்ளணுக்களின் அளவான அது 200-க்குக் கீழே சரிந்தவர்களே பெரும்பாலும் மருந்துக்கு உரியவர்களாயினர். மருந்து தோற்கும்போது முதலில் வைரஸ் பெருகுகிறது. சிடி4 சரிவதோ பல மாதங்கள் கழித்துத்தான். அந்த இடைவெளியில் நோயாளி அதே மாத்திரையை நம்பி விழுங்கிக்கொண்டிருக்க, கூட்டு மருந்தில் ஒன்றான நெவிராபினை ஒரேயொரு மரபணு மாற்றத்தாலேயே வெல்லக்கூடிய வைரஸ் உடலுக்குள் எதிர்ப்பாற்றலைச் சேர்த்துக்கொண்டது. அதே கூட்டு மருந்தில் இருந்த ஸ்டாவுடின், கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டிப்போகச் செய்தது. பாதங்களில் தீராத எரிச்சலைத் தந்தது. நோயை மறைத்து வாழ்ந்தவர்களை ஊரார் முகம் பார்த்தே ஊகிக்க இடங்கொடுத்த ஒரு மருந்தைச் சிலர் பாதியில் விட்டதில் வியப்பில்லை.

தாம்பரத்திலும் மும்பையிலும் 2008-இல் இரண்டாம் நிலை மருந்துகள் அறிமுகமானபோது வைரஸ் அளவுப் பரிசோதனையும் உடன் வந்தது. ஆனால் முதல் மருந்து தோற்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. விலையுயர்ந்த மருந்துக்கு வாயிற்காவலாக நின்ற பரிசோதனை, ஏனையோரின் நிலையை அறியும் கருவியாக அப்போது கருதப்படவில்லை. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் இணையருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று சென்னையும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்று 2011-இல் காட்டியதும், வைரஸ் அளவே சிறந்த கண்காணிப்பு முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்ததும் அந்நிலையை மாற்றின. சிடி4 எவ்வளவாக இருந்தாலும் சிகிச்சை என்ற விதி 2017-இல் வந்தது. அனைவருக்கும் வைரஸ் அளவுப் பரிசோதனை அடுத்த ஆண்டில் தொடர்ந்தது. சிகிச்சை மையத்தில் எடுக்கும் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பி, வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி எண்ணும் இந்த வேலைக்குக் கருவிகளோடு சீரான போக்குவரத்தும் பெரிய தேவையாக இருந்தது.

எளிதில் எதிர்ப்புக்கு இடங்கொடாத டோலுடெக்ராவிர் என்ற மருந்து பரவலான பின், பரிசோதிக்கப்பட்டோரில் 10 பேரில் 9 பேருக்கும் மேலானவர்களிடம் வைரஸ் அடங்கியிருப்பதாக அரசுக் கணக்குகள் கூறுகின்றன. இவ்விகிதத்தைப் பழைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிடுவது தவறாகும். அன்று அளக்கப்பட்டவர்கள் தோல்வி சந்தேகிக்கப்பட்டோர், இன்று அளக்கப்படுபவர்களோ மையத்துக்குத் தவறாமல் வருவோர். மருந்தை நிறுத்தித் தொடர்பு அறுந்தவர்களும் இறந்தவர்களும் இவ்விகிதத்தின் பகுதியில் இடம்பெறுவதில்லை என்பதால், வைரஸ் அடக்கத்தின் விகிதத்தைச் சிகிச்சையில் நீடிப்போரின் விகிதத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அது எத்தனை பேரைக் குறிக்கிறது என்பது விளங்கும்.