வன்னிநாட்டில் அரசும் மணமும்: சொற்பிறப்பு

வன்னி என்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைத் தழுவி, ஈழத்தின் வடபெருநிலத்தில் காடும் குளமுமாக விரிந்து கிடக்கும் நாடு. இதனை ஆண்டோர் மன்னர், வேந்தர் என்னும் பட்டங்களைப் பூணாது வன்னியர், வன்னியனார் என்றே வழங்கப்பெற்றனர்; அவர்தம் அதிகாரம் வன்னிமை எனப்பட்டது; அதிகாரம் செலுத்திய பெண் வன்னிச்சி எனப்பட்டாள். இப்பெயரின் உற்பத்தியை நெருப்பைக் குறிக்கும் வஹ்நி என்னும் வடசொல்லிலும், வனத்திலும், வன்னி மரத்திலும் காண்பார் உளர். வன்னியர் நெருப்பிற் பிறந்தார் என்னும் அக்கினி குல வரலாறு பிற்காலத்தார் பெருமைக்காகச் சமைத்தது போலும். நாட்டின் இயல்புக்கு இயைவது வனமே.

வையாபாடல் என்னும் நூல் கூறும் ஐதிகமோ, மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்து அரசகுமாரனுக்கு மணமகளாக வந்த இளவரசிக்குத் துணைவந்தவரே வன்னியர் என்று, அரசுரிமையின் தோற்றத்தை ஒரு விவாகத்தோடு பிணைக்கிறது. பிற்காலத்தில் யானைகளைத் திறையாகக் கேட்ட ஒல்லாந்தரைப் பனங்காமத்துக் கைலாய வன்னியன் எதிர்த்து நின்றான். 1803 ஆகஸ்டில் ஆங்கிலேயர் வசமிருந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியனை, அவ்வாண்டு ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் தோற்கடித்தவன் கப்டன் வொன் டிரிபேர்க். அவன் பெயர் முன் நின்ற 'வொன்', ஜெர்மனியில் பிரபு குலத்தார் பலர் பூணும் அடைமொழி.

அந்த ஜெர்மன் மொழியில் அரசனைச் சுட்டும் 'கோனிக்', குலத்தைச் சுட்டும் பழஞ்சொல்லிற் பிறந்தது. இல்லறத்தைச் சுட்டும் 'ஏஹ', சட்டம், வழமை என்னும் பொருளுடைய சொல்லின் மருவல். வன்னியிலும் மணமானது வழமையினாலேயே நிலைபெற்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பு, பரம்பரைச் சொத்தாகிய முதுசம், சீதனம், மணத்தின்பின் ஈட்டிய தேடியதேட்டம் என்று தம்பதியர் உடைமையை வகுத்தது. சீதனம், ஸ்திரீதனம் என்பதன் திரிபு; பெண்ணுக்கே உரிய தனம் என்னும் அதன் முதற்பொருளை நம்மவர் மறந்தது பெருந்துயரம்.

கலியாணம் என்பது மங்கலம் என்னும் பொருளுடைய வடசொல்லாயினும், சடங்கின் பெயர்கள் பல செந்தமிழாகவே நிற்கின்றன. அவற்றுள் பொன்னுருக்கல் குறிப்பிடத்தக்கது: சுபதினத்தில், மாப்பிள்ளை வீட்டில், இருபக்கத்து உறவினரும் சூழ்ந்திருக்க, நிறைகுடத்தின் முன்னிலையில் தட்டார் பொன் நாணயத்தைத் தாலிக்காக உருக்குவார். இங்கே பவுண் எனப்படும் அந்நாணயத்தின் பெயர் தமிழகத்தில் சவரன். அரசன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது.