பொலிகுதிரையும் உறைகுளிரும்

குளிர் உயிரைக் கொல்லும் என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். 18ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி பொலிகுதிரையின் விந்தைப் பனியில் வைத்துப் பார்த்தார். அசைவற்றுக் கிடந்த அணுக்கள் சூடு பட்டதும் மீண்டும் நெளிந்தன. ஆயினும், விந்தை உறையவைத்துப் பேணும் வழி ஒன்றரை நூற்றாண்டாகப் புலப்படவில்லை.

அவ்வழி ஒரு தவறினால் திறந்தது. இலண்டன் மில் ஹில் ஆய்வுகூடத்தில் பொல்ஜ், சிமித், பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலிற் கலந்து உறையவைத்துத் தோல்வி கண்டிருந்தனர். சில மாதங்களின் பின் குளிரறையிலிருந்து எடுத்த கரைசல் வியப்பூட்டும் வெற்றியைத் தந்தது. சோதித்தபோது அதிற் சர்க்கரையே இல்லை. கிளிசரோலும் வெண்கருப் புரதமுமே இருந்தன. போத்தலின் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது! 1949இல் அம்முடிவு வெளியாயிற்று. உறையும்போது உயிரணுவுக்கு நேரும் சேதத்தைக் கிளிசரோல் குறைக்கின்றது.

மாட்டினம் இதனால் விரைவிற் பயன்பெற்றது. குதிரையிலோ, உறைந்த விந்தினாற் பெட்டையொன்று சினையுற்ற செய்தி 1957இல் கனடாவிலிருந்து வந்தபின்னரும் முன்னேற்றம் மந்தமாகவே இருந்தது. பொலிகாளைகளைத் தெரிந்தெடுத்தோர் அவற்றின் விந்து உறைகுளிரைத் தாங்குமா என்பதையும் நோக்கினர். தாங்காதவை தலைமுறை தோறும் கழிக்கப்பட்டன. குதிரை வளர்ப்போரோ ஓட்டத்தையும் தோற்றத்தையும் பரம்பரையையுமே மதித்தனர். பரிசு வென்ற குதிரையின் விந்து உறைவைத் தாங்காதெனினும் அதனை விலக்க எவர் துணிவர்?

ஆகவே, குறையை ஆய்வுகூடமே ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. குதிரை விந்தின் கூழ்ப்பகுதியை வடித்தகற்றி, எஞ்சியதை மையநீக்கப் பொறியிற் சுழற்றி, அணுக்களைச் சூழ்ந்த திரவத்தைப் பிரிப்பர். அத்திரவம் நீண்டநேரம் உடனிருப்பது அணுக்களுக்குத் தீங்கு. பொறி மிகையாகச் சுழன்றால் அணுக்கள் நசியும். குறைவாகச் சுழன்றாற் பல வீணாகும். பின்னர் ஆடை நீக்கிய பால், முட்டை மஞ்சட்கரு, கிளிசரோல் முதலியன சேர்த்து, மெல்லிய குழல்களில் அடைத்துப் படிப்படியாகக் குளிர்வித்து, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையிலுள்ள திரவ நைதரசனில் அமிழ்த்துவர். கிளிசரோலும் அளவு மிஞ்சினால் நஞ்சே. அதனாற் சில பொலிகுதிரைகளின் விந்துக்கு அமைட்டு வகைச் சேர்வைகள் கையாளப்படுகின்றன. கிளிசரோலில் நலிந்த விந்து அவற்றிலே தேறுவதும் உண்டு.

இத்தனைக்கும் பின், உருகிய அணுக்கள் பெட்டையின் கருப்பையில் நெடுநேரம் வாழ்வதில்லை. முட்டை வெளிப்படும் வேளையை மருத்துவர் மணிக்கணக்கிற் காத்திருந்து கண்டறிய வேண்டும்.

பெரும்பணம் புரளும் பந்தயத் தறோபிரெட் குதிரை வளர்ப்போர் மட்டும் இம்முயற்சியிலிருந்து விலகியே நிற்கின்றனர். செயற்கை முறையிற் சினையுற்ற பெட்டை ஈன்ற குட்டிக்கு அவர்களது வமிசப் பதிவேட்டில் இடமில்லை.