பல சங்கங்களுக்கு ஒரு சமாசம்: முசலிக் கரையிலிருந்து சில குறிப்புகள்

சிலாவத்துறைச் சந்தியில் அண்மையில் நான்கு பெடியள் என்னை மறித்தார்கள். ஊருக்கு ஊர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்களாம். அவசரத்துக்கு இரத்தம் கொடுக்கப் போவது, இரவில் மருந்து எடுத்து வருவது போன்ற வேலைகள். அந்தக் குழுக்களைச் சேர்த்து ஒரு பொது அமைப்பு உண்டாக்க வேண்டும், "நீங்கள் சங்கத்தில இருந்தனீங்கள், எப்படிச் செய்யிறது எண்டு சொல்லுங்கோ அண்ணன்" என்றார்கள்.

மோட்டார் சைக்கிள் எனக்குத் தெரியாத விடயம். ஆனால் தனித்தனியே இயங்கும் சங்கங்களை ஒரு கூரையின் கீழ் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்பது தெரியும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் செயலாளராகப் பல ஆண்டுகள் சமாசக் கூட்டங்களுக்குப் போய் வந்தவன் நான். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் தெற்கே இருப்பது முசலி. அருவியாறு கடலில் சேரும் அரிப்பிலிருந்து சிலாவத்துறை, கொக்குப்படையான், முள்ளிக்குளம் என்று கரை வில்பத்துப் பக்கமாக இறங்கும். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்த கடல் இது. கடைசிக் குளிப்பு 1925இல். இன்று மீனும் நண்டும்தான். கரையோர ஊர்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி 18 வயது நிரம்பிய பத்துப்பேர் சேர்ந்தால் சங்கமொன்றைப் பதியலாம். சமாசம் என்பது அடுத்த படி. அதில் ஆட்கள் உறுப்பினர் அல்ல, சங்கங்களே உறுப்பினர். ஊர்ச் சங்கம் தன் பேராளரை அனுப்பும். அந்தப் பேராளர் சபை நிர்வாகத்தைத் தெரிவு செய்யும்.

இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். சமாசம் வந்ததும் அதைச் சங்கங்களுக்கு மேலான அதிகாரி என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. எந்தக் கரைவலைப் பாட்டில் இன்று யார் வலை வளைப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாரை உறுப்பினராக எடுப்பது என்பதெல்லாம் ஊருக்குரியவை. ஊர் தனியே செய்ய முடியாததை மட்டும் மேலே கொடுக்க வேண்டும்.

அப்படி மேலே கொடுக்க வேண்டியதற்கு இந்திய இழுவைப்படகுப் பிரச்சினை நல்ல உதாரணம். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் கடல் எல்லையை எழுதின. போர் முடிந்து எங்கள் ஆட்கள் மீண்டும் கடலில் இறங்கியபோது வலைகளை அறுத்துக்கொண்டு போனது றோலர். ஒரு கிராமச் சங்கம் டில்லியோடு பேச முடியுமா? 2010 ஓகஸ்டில் தமிழக மீனவப் பிரதிநிதிகள் இலங்கைக்கு வந்து வடபகுதி மீனவர்களுடன் பேசினார்கள். ஒரு வருடத்துக்குள் இழுவை மடியைக் கைவிடுவதாக உடன்பாடு வந்தது, நடக்கவில்லை. 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மீண்டும் சென்னை. அந்தச் சென்னைப் பேச்சில் தமிழகத் தரப்பு மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாட்கள் எங்கள் பக்கம் தொழில் செய்யக் கேட்டது.

83 நாள் என்று கேட்டால் மேசையில் இருக்கும் எங்கள் பேராளர் என்ன சொல்வது? அவர் ஆம் என்றால் கரையில் இருப்பவர் வலையை இழப்பார். இல்லை என்றால் பேச்சு முறியலாம். அதனால்தான் பேராளருக்கு எதுவரை அதிகாரம் என்பதைப் போகுமுன் சங்கங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஒரு தலைவரின் வாய்ச்சொல் கிராமங்களின் முடிவாகிவிடக் கூடாது. 2017இல் இழுவை மடியைத் தடைசெய்யும் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. வடக்கு மீனவ அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டு வந்த சட்டம் அது. தனிச் சங்கத்தின் கடிதம் கோப்பில் கிடந்திருக்கும்.

வாக்கு விடயத்துக்கு வருவோம். முப்பது பேர் உள்ள சங்கத்துக்கும் இருநூறு பேர் உள்ள சங்கத்துக்கும் ஒரே வாக்கா? உபவிதியில் முதல் நாளே எழுத வேண்டியது இது. என் கருத்து: சந்தா தலைக்கணக்குப்படி இருக்கட்டும், வாக்கு சங்கத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். அல்லாவிட்டால் சிறிய ஊர் இரண்டாம் வருடத்தோடு வராமல் விட்டுவிடும்.

காசைப் பற்றி ஓர் அனுபவம். மீள்குடியேற்றக் காலத்தில் ஒரு நிறுவனம் சங்கங்களுக்கென்று வலை கொடுத்தது. பட்டியலை மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்து எழுதினார்கள். ஓர் ஊர் விடுபட்டது. வேண்டுமென்றா, மறதியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஊர்ச் சங்கம் இரண்டு வருடம் கூட்டத்துக்கு வரவில்லை. அதன்பிறகு எந்த உதவி வந்தாலும் பட்டியலை எல்லாப் பேராளர்கள் முன்னும் வாசித்து, கையொப்பம் வாங்கி, ஒவ்வொரு சங்கத்துக்கும் பிரதி கொடுத்த பின்னரே பங்கிட்டோம். ஆமையாக நடந்த வேலைதான், ஆனால் சண்டை வரவில்லை.

எங்கள் கரையில் இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். முசலி மக்களும் புத்தளம் பக்கம் போனார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையோடு சிலாவத்துறை, அரிப்பு, முள்ளிக்குளம் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். முள்ளிக்குளம் கடற்படை முகாமாயிற்று. 2017இல் ஒரு மாதத்துக்கு மேல் வீதியில் இருந்து போராடிய பிறகே ஒரு பகுதி காணியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். இருபது வருடம் கழித்துத் திரும்பிய ஒருவர் "இது என் தகப்பன் வளைத்த பாடு" என்கிறார். இடைக்காலத்தில் அங்கே தொழில் செய்தவர் "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. பொலிசுக்குப் போனால் அது தமிழர் முஸ்லிம் பிரச்சினையாகிவிடும். சமாச மேசையில் அது இரண்டு சங்கங்களின் பிரச்சினையாக மட்டும் இருக்கும். அங்கே தீராவிட்டால் கூட்டுறவுச் சட்டத்தில் ஆணையாளருக்கு அனுப்பி மத்தியஸ்தர் மூலம் தீர்க்க வழி இருக்கிறது. கூட்டத்தை ஒரே ஊரில் வைக்காமல் மாறி மாறி வைப்பதும், வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் கூட்டம் வைக்காததும் சின்ன விடயங்கள்போலத் தெரியும். எங்களை ஒன்றாக வைத்திருந்தவை அவைதான்.

பெடியளுக்கு அவர்களுடைய துறையிலேயே ஒரு கதையும் சொன்னேன். மோட்டார் சைக்கிள் கழகங்களின் சர்வதேச சம்மேளனத்தை 1904இல் பாரிஸில் தொடங்கினார்கள். 1906இல் ஒரு போட்டியில் வந்த தகராறோடு அது கலைந்துபோயிற்று. 1912இல்தான் மீண்டும் எழுந்தது. 1971இல் உருவான இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனமும் கழகங்களை உறுப்பினராகக் கொண்டதுதான். முறைப்பாட்டை யார் விசாரிப்பது என்பது போட்டிக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றேன்.

அவர்கள் முதலில் கேட்டது முத்திரையும் ரீசேட்டும் எப்படி அடிப்பது என்று. அதைப் பிறகு பார்க்கலாம், ஒரு கொப்பி வாங்குங்கள் என்றேன். எந்தெந்த ஊர்க் குழு, எத்தனை பேர், யார் பேராளர், எதைப் பொது அமைப்புக்கு விடுகிறோம், எதை விடமாட்டோம். நான்கு பக்கம் போதும். கொண்டச்சிக் குழு வர யோசிக்கிறதாம். அவர்களுடைய ஊரிலேயே முதல் கூட்டத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.