சுமையின் நேரமும் உறக்கத்தின் உரிமையும்

தேயிலைக் கொழுந்து காத்திருக்காத சரக்கு. பகலில் பறித்ததை அன்றே நிறுத்துத் தொழிற்சாலையில் சேர்த்துவிட வேண்டும். காற்றாடிகள் ஓடும் நீண்ட தொட்டிகளில் பரப்பி, ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வாட்ட வேண்டும். ஆகவே தாமிரபரணிப் பள்ளத்தாக்கிற்கு மேலே, மாஞ்சோலை போன்ற தோட்டங்களில் பகற்பொழுது கொழுந்து பறிப்போருக்கும் இரவுப்பொழுது தொழிற்சாலைக்கும் உரியதாயிற்று. பெண்கள் இரவு 7 மணிமுதல் காலை 6 மணிவரை அரசின் அனுமதியின்றி வேலை செய்தல் கூடாது என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தமையால், அந்த இரவு பெரும்பாலும் ஆண்களின் இரவு. சரக்கின் நேரம் மனிதரின் நேரத்தை வகுத்ததற்கு இது மலையிலிருந்து ஒரு சான்று. நகரங்களில் இதே சிக்கல் மிகப் பழமையானது. சுமை வரும் நேரத்தை ஒரு விதி மாற்றும்போது, யாருடைய உறக்கத்தில் அது கை வைக்கிறது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

ரோமாபுரியிலிருந்து தொடங்குவது பொருந்தும். ஜூலியஸ் சீஸரின் காலத்ததாக, கி.மு. 45ஐ ஒட்டியதாகப் பெரும்பாலோர் கொள்ளும் சட்டமொன்று தென் இத்தாலியின் ஹெராக்ளியாவில் கிடைத்த வெண்கலப் பலகையில் காணப்படுகிறது. சூரிய உதயம் முதல் பகலின் பத்தாம் மணிவரை, அதாவது பிற்பகலின் பிற்பகுதிவரை, நகருக்குள் சரக்கு வண்டிகள் ஓடக் கூடாது என்பது அதன் விதி. கோயில் கட்டுமானப் பொருள்களுக்கும் அரசுப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. இரவில் வந்த வண்டி வெறுமையாகவோ கழிவை ஏற்றியோ பகலில் வெளியேறலாம். தெரு நெரிசல் தீர்ந்தது. ஓசையோ இரவுக்கு இடம் பெயர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அங்கதக் கவிஞர் ஜுவனல், ரோமில் உறங்குவதற்கே பெருஞ்செல்வம் வேண்டும் என்னும் கருத்தில் மனம் கசந்தார். உள்முற்றம் கொண்ட மாளிகைவாசிக்கு வண்டியோசை எட்டவில்லை. தெருவோர அடுக்குவீட்டில் வாடகைக்கு இருந்தவனுக்கு எட்டியது.

இஸ்லாமிய நகரங்களில் இப்பொறுப்பு முஹ்தஸிபிடம் இருந்தது. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பக்தாதில் மறைந்த அல்மாவர்தீ, ஆட்சியியல் குறித்த தம் நூலில் ஹிஸ்பாவுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். கால்நடைகளின் மீது அவற்றின் வலிமைக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுவதையும், படகுகளில் அளவு கடந்து ஆள் ஏற்றுவதையும் தடுப்பது முஹ்தஸிபின் கடமை என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அஷ்ஷைஸரீ இன்னும் நுட்பமாகக் கடைத்தெருவுக்குள்ளேயே செல்கிறார். மக்களின் ஆடைகளைக் கிழித்தும் அழுக்காக்கியும் கெடுக்கும் விறகுக்கட்டு, வைக்கோல் பொதி, சாம்பல் முதலியவை சந்தைக்குள் நுழையலாகாது. பாரம் சுமந்த விலங்கு ஓரிடத்தில் நிற்க நேர்ந்தால் சுமையை இறக்கிவைக்க வேண்டும், ஏனெனில் நிற்கும் விலங்குக்குச் சுமை வதை. ரோமச் சட்டம் வண்டி ஓடும் மணியைப் பார்த்தது. ஹிஸ்பா நூல்கள் சுமையால் யார் துன்புறுகிறார் என்று பார்த்து, அக்கணக்கில் வாயற்ற பிராணியையும் சேர்த்துக்கொண்டன.

இதைக் கொண்டு நாம் மிகையாகப் பெருமை பேசலாகாது. இவை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நூல்கள். அப்படியே நடந்தது என்பதற்குச் சாட்சிகள் அல்ல. இரவு வண்டியோசையைப் பற்றி அவை அதிகம் கவலைப்படாததற்கு எளிய காரணமும் உண்டு. மத்திய கிழக்கில் ஒட்டகம் சக்கர வண்டியைப் பெரிதும் வழக்கொழியச் செய்துவிட்டதை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியெட் 1975இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவினார். கல் பாவிய தெருவில் இரும்புப் பட்டை கட்டிய சக்கரம் எழுப்பும் ஓசையை ஒட்டகத்தின் பாதம் எழுப்புவதில்லை.

நம் மாகாணத்தில் ஆங்கிலேயர் ஓசையை வேறு கண்ணால் பார்த்தனர். 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் 30ஆம் பிரிவில், விழாக்களின்போது தெருக்களில் இசைக்கு எல்லை வகுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. பள்ளிவாசல் முன்பாக மேளத்துடன் செல்லும் ஊர்வலம் குறித்துச் சேலத்தில் எழுந்த வழக்கு 1883இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வுவரை சென்றது. பொது அமைதியும் வழிபாட்டு உரிமையுமே அங்கே அளவுகோல்கள். களைத்துறங்கும் உழைப்பாளியின் உறக்கம் அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

அது சட்டத்தின் பொருளாக 2000ஆம் ஆண்டு ஆகவேண்டியிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. குடியிருப்புப் பகுதியில் இரவு ஓசைக்கு 45 டெசிபல் என எல்லை வகுத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30இல் உச்சநீதிமன்றம் சென்னை கே.கே.ஆர். நகர்த் தேவாலய வழக்கில் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். இது நமக்கும் உரியது. நம் ஊர்களில் ஃபஜ்ரு பாங்கின் நேரம் ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்பே வருகிறது. மனிதக் குரலில் பாங்கு சொல்வது வேறு, ஒலிபெருக்கி வேறு என்று 2020 மே மாதம் அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரித்துக் காட்டியதை நாம் மனக்கசப்பின்றி எண்ணிப் பார்க்கலாம். ஒலிபெருக்கி பிறப்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பாங்கு இருந்தது.

எனினும் அந்தச் சென்னை வழக்கில் பலரும் கவனியாத ஒரு செய்தி புதைந்து கிடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கு அளவெடுத்துத் தந்த அறிக்கை, ஓசைக்குக் காரணமாக மாதவரம் நெடுஞ்சாலையில் ஓடிய வாகனங்களைச் சுட்டியது. தேவாலயத்தின் மேளத்தைச் சட்டம் எட்டிப் பிடித்தது. நெடுஞ்சாலை அப்படியே ஓடிற்று. மேளத்திற்கு ஓர் உரிமையாளர் உண்டு, அவர்மீது வழக்குத் தொடுக்கலாம். லாரிகளின் வரிசைக்கு அப்படி ஒருவர் இல்லை. அதற்கு மேல், பெருநகரங்களில் பகலில் கனரகச் சரக்கு வாகனங்களை நாமே தடுத்துவிட்டு இரவில் அனுமதிக்கிறோம். வெண்கலப் பலகையின் விதிதான் இது. மண்டித் தெருவில் குடியிருப்போரும், நள்ளிரவில் மூட்டை இறக்கும் சுமைதூக்கும் தொழிலாளரும் ஜுவனலின் வாடகைக்காரனுடைய இடத்தில் இருக்கிறார்கள்.

சுமையை இரவிலிருந்தே விலக்கிய விதியும் நம் மாநிலத்தில் உண்டு. திம்பம் மலைப்பாதையில் விலங்குகளின் பொருட்டு இரவுப் போக்குவரத்தைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டின் ஆணையை 2022 பிப்ரவரி 10 முதல் நடைமுறைப்படுத்தச் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. பாரம் சுமந்த விலங்கை எண்ணிய அஷ்ஷைஸரீக்கு இவ்விதியின் நோக்கம் விளங்கியிருக்கும். ஆனால் மலைமேல் தாளவாடியில் காய்கறி விளைவிப்போர் உடனே போராட்டத்தில் இறங்கினர். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் நேரம் அவர்களுடைய வருவாயின் நேரம். அவ்வாண்டே நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தியமைக்க நேர்ந்தது.

மாஞ்சோலையிலோ இரவை மட்டுமன்று, பகலையும் சேர்த்தே காடு திரும்பப் பெற்றது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் அது. சுற்றிலும் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். குத்தகை 2028இல் முடிய இருந்த நிலையில், நிறுவனம் விருப்ப ஓய்வை முன்வைத்து 2024 ஜூன் நடுவில் தோட்டப்பணியை நிறுத்தியது. தொழிலாளர் சார்பில் தொடுத்த வழக்குகளை மதுரை அமர்வு அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. கூலி உயர்வு கோரி 1999 ஜூலை 23இல் நெல்லைக்கு வந்து, தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்த போராட்டம் இதே தோட்டத்தாருடையது. தலைமுறைகளாகக் கொழுந்தின் நேரத்திற்கே எழுந்து உறங்கிப் பழகியவர்கள் வேறு பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்க வேண்டியதாயிற்று. சரக்கு லாரிகள் இரவில் வந்து இறங்கும் ஊர்கள் அங்குதான் இருக்கின்றன.