எல்லை யார் நினைவில் இருந்தது?

எங்கள் வயல் கன்னடியன் காலில் பாய்கிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ. பக்கத்து வயலுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள வரப்பு, தாத்தா காலத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆள் நடக்கிற அகலம் இருந்ததாம். காருக்கு ஒரு விரல், பிசானத்துக்கு ஒரு விரல் என்று மண்வெட்டியால் சீவிச் சீவிக் கோழி நடக்கிற அகலத்துக்கு வந்துவிட்டது. "அண்ணாச்சி, வரப்பு எங்க பக்கம்லா ஏறியிருக்கு" என்பார் அவர். "வெட்டுனது யாருன்னு ஊருக்கே தெரியுமே" என்போம் நாங்கள். 150 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அரைச் சென்ட். இதற்கு வக்கீல் வீடு வரைக்கும் போயாயிற்று.

வரப்புத் தகராறு என்றால் ஆசை, வீம்பு என்று தனிமனிதக் குணத்தில் கொண்டுபோய் முடித்துவிடுவது நம் வழக்கம். எல்லை என்கிற அறிவு யாரிடம் இருந்தது, யார் கைக்கு மாறியது என்று கேட்கத் தொடங்கினால்தான் அது வரலாறாகிறது.

திருநெல்வேலியின் பெயருக்குள்ளேயே வேலி இருக்கிறது. நைவேத்தியத்துக்கு வேதபட்டர் யாசித்துக் கொண்டுவந்து காயப்போட்ட நெல்லை மழை அடித்துப்போகாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்கிறது தலபுராணம். நெல்லை விளைவித்தவர்கள் அந்தக் கதையில் வருவதில்லை. சோழர் செப்பேடுகளும் இப்படித்தான். தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கீழெல்லை, தென்னெல்லை என்று வாய்க்காலையும் மேட்டையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். யார் நட்டார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி கழித்த நிலங்களின் பட்டியலில், பறைச்சேரி சுடுகாட்டுக்குப் பக்கத்திலே வருகிறது. எல்லைக்குள் இருந்துகொண்டே கணக்குக்கு வெளியே வைக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள்.

ஆனால் எல்லையில் சண்டை வந்தால் இந்த மனிதர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள் உள்ளிட்ட காலனிய இனவரைவியல் பதிவுகளில் இது உண்டு. வெட்டியான் தலையில் தண்ணீர்ப்பானையோடு நடப்பான், அவன் நடந்த தடமே எல்லை. கன்னடப் பகுதியில் ஹொலெயர் மண்ணுருண்டையைச் சுமந்து நடந்தனர். வெள்ளைக்காரர்கள் இதை விநோதமாக எழுதி வைத்தார்கள். நாம் வேறு விதமாக வாசிக்கலாம். தண்ணீர் திறந்து, மடை அடைத்து, பிணம் சுமந்து, ஒவ்வொரு வரப்பிலும் நடந்த கால்களுக்கு நிலத்தின் உருவம் தெரிந்திருந்தது. அந்த நிலத்தில் பங்கு இல்லாததாலேயே அவர்கள் சொல் நடுநிலை ஆயிற்று. எல்லை தெரிந்தவனுக்கு நிலம் கிடையாது என்பதுதான் அந்த நீதிமுறையின் அடித்தளம்.

தாமிரபரணி நஞ்சைகளில் இது இன்னும் கூர்மையானது. பிராமணரும் வேளாளரும் நிலத்தை வைத்திருந்தார்கள், பள்ளர்கள் உழைத்தார்கள் என்பதை டேவிட் லட்டன் 1985இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1801இல் கம்பெனி இந்தச் சீமையை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1858இல் மாகாணத்தில் ரெவின்யூ சர்வே தொடங்கியது. 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். கால்களில் இருந்த அறிவு புலப்படமாகி ஆபீசுக்குப் போயிற்று. வெட்டியானிடம் மிஞ்சியது, சங்கிலி பிடிக்கிற வேலையும் கல் சுமக்கிற வேலையும்.

1923ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. அரசு அறிவிக்கை வந்துவிட்டால் சர்வே கண்ட எல்லையே முடிவான சான்று. ஒப்பாதவர் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். எல்லைக்கல்லைப் பாதுகாப்பது பட்டாதாரர் பொறுப்பு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. சாதி ஆதிக்கத்தின் ஒரு முளையைப் பிடுங்கியது என்ற வகையில் அது சரியான காரியமே. கணக்கப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் இருந்த ஊர் அதன்பிறகு தாலுகா ஆபீசுக்கு இடம் மாறியது. இப்போது புலப்படத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனாலும் படத்தில் இருக்கிற கல் மண்ணில் எங்கே என்று யாராவது காட்டத்தானே வேண்டும்?

எங்களுக்குக் காட்டியவர் ஒரு பெரியவர். அவருடைய அப்பா ஊரில் வெட்டிமை பார்த்தவர். சர்வேயர் படத்தை விரித்துவைத்துக்கொண்டு முக்கால் மணிநேரம் தேடியும் மூலைக்கல் அகப்படவில்லை. பெரியவர் வந்து மடையிலிருந்து காலால் எட்டுவைத்து நடந்து, கடப்பாரையை ஊன்றி, "இந்தா, இங்கன கெடக்கு பாருங்க" என்றார். கிடந்தது. எதிர்மூலைக் கல்லும் அப்படியே. நூல் பிடித்துப் பார்த்தால், மேற்கே அவர் எங்களுக்குள் வந்திருந்தார். கிழக்கே நாங்கள் அவருக்குள் போயிருந்தோம். இரண்டு வீட்டு மண்வெட்டியும் ஒன்றுபோலத்தான் வேலை செய்திருக்கிறது. மனு வேண்டாம் என்று அங்கேயே பேசி முடித்து, இரண்டு அடி அகலத்தில் புது வரப்பு போட்டோம். செலவு பாதிப் பாதி.

பெரியவருக்குக் கூலி கொடுத்தோம். என் அப்பாவைவிட மூத்தவர். சின்ன வயசில் நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. அவர் குடியிருப்பது வாய்க்கால் புறம்போக்கில். பட்டா கேட்டு எழுதிப்போட்ட மனுக்களின் ரசீதுகளை ஒரு மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். இந்த ஊரின் அத்தனை கல்லும் தெரிந்த மனிதருக்கு நான்கெல்லை சொல்ல ஒரு இடம் கிடையாது.

நிலத்தைப் பற்றி நாம் எழுதுகிற வரலாறு பத்திரங்களிலிருந்தும் கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்தும் வருகிறது. அவை பத்திரம் வைத்திருந்தவர்களின் பிரதிகள். இந்தப் பள்ளத்தாக்கில் கல் நட்டவர்களில், கல்லைக் காட்டியவர்களில், இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். அவர்கள் மனுக்களோடு தாலுகா ஆபீசுக்கும் நடக்கவேண்டும். வருகிற திங்கட்கிழமை மனுநாளுக்குப் பெரியவரோடு போகிறேன். அவர் வாசலை எங்கிருந்து எதுவரை அளப்பது என்று, இந்தத் தடவை நான் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.