லயத்துக்கு வந்த மின்சாரம்

ஊவா மலைநாட்டிலே நீர்வளம் மிகுதி. பதுளை நகரை ஏறக்குறையச் சுற்றி ஓடும் பதுளை ஓயா துன்ஹிந்தையில் அருவியாக விழுகின்றது. கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து பாய்கின்றது. இத்தகைய ஓடைகளின் விசையைத் தேயிலைத் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பயன்படுத்தி வந்தன. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையின் அருகே நீர்ச்சக்கரம் சுழலும். அதன் சுழற்சி நீண்ட இரும்புத் தண்டுகளாலும் தோற்பட்டிகளாலும் கொழுந்து உருட்டும் பொறிகளுக்குச் செல்லும்.

அந்தப் பட்டிகள் அபாயமானவையே. ஆயினும் அவற்றின் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. ஓடுகின்ற பட்டியினருகே எவரும் அசட்டையாகக் கை நீட்டார். பின்னர் வந்த மின்சாரமோ ஓசையின்றி, உருவமின்றி, ஒரு மெல்லிய கம்பிக்குள்ளே மறைந்து நின்றது.

இலங்கையின் நீர்மின் வரலாற்றிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவின் பெயர் முதன்மையானது. 1912 இல் நுவரெலியாவுக்கு அண்மையில் பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையம் எழுந்தது. 1918 இல் அவர் நாட்டின் நீர்வளத்திலிருந்து பெருமளவில் மின்சாரம் பெறலாம் என்பதைக் கணக்குடன் எடுத்துக்காட்டினார். எனினும் இலக்சபான மின்திட்டம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை தோன்றியது.

தோட்டங்களிலே ஸ்டோரும் துரை பங்களாவும் ஒளி பெற்ற பின்னரும் லயங்கள் நெடுங்காலம் குப்பி விளக்கோடு இருந்தன. பல லயங்களுக்கு மின்சாரம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிலேதான். ஆனால் மின்சாரத்துக்கு முன்னரே வானொலி அங்கே புகுந்துவிட்டது. 1925 டிசம்பர் 16 இல் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்தபோது, உலர்மின்கலம் நான்கு இருந்தால் லயக் காம்பராவிலும் பாட்டும் செய்தியும் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

கைத்திறன் மிக்க இளைஞர் அப்பெட்டிகளைத் திறந்து, அறுந்த கம்பியை ஒட்டி, மீண்டும் பாடச் செய்தனர். நல்ல கலைதான் அது. ஆனால் அதனோடு ஒரு பழக்கமும் வளர்ந்தது: பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே விரலை உள்ளே விட்டுத் தேடும் பழக்கம். ஆறு வோல்ற்று மின்கலம் அதைப் பொறுத்துக்கொண்டது. லயத்துக்கு வந்த 230 வோல்ற்று அதைப் பொறுப்பதில்லை.

இதன் காரணத்தை எளிய கணக்கே காட்டும். ஈரமான உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோமாயின், ஆறு வோல்ற்று 6 மில்லியம்பியரை மட்டுமே செலுத்தும். 230 வோல்ற்று 230 மில்லியம்பியரைச் செலுத்தும். அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியெல் செய்த சோதனைகளில், சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லியம்பியருக்கும், பெண்களுக்கு 10.5 மில்லியம்பியருக்கும் மேற்பட்டால், பற்றிய கம்பியைக் கை விடமுடியாமற் போவது தெரியவந்தது. உருகியை நம்பி இருப்பதும் தவறு. 5 அம்பியர் உருகி என்பது 5000 மில்லியம்பியர். அது கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காக்காது.

மனிதனைக் காக்க வந்த கருவியே ‘ட்ரிப் சுவிட்ச்’. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கின்றது. 30 மில்லியம்பியர் அளவு வேறுபாடு கண்டால் கணப்பொழுதில் துண்டித்துவிடுகின்றது. அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். எனினும் இரு கம்பிகளையும் ஒருவர் ஒருசேரப் பற்றினால் வேறுபாடு எதுவும் தோன்றாது. அப்போது இக்கருவியும் கைவிட்டுவிடும்.

ஆகவே பழைய வால்வு வானொலியையோ புதிய ஒலிபெருக்கியையோ திறப்பவர் ஆளியை நிறுத்துவதோடு அமையாது, செருகியையே சுவரிலிருந்து கழற்றிவிடல் வேண்டும். நிலைமாற்றியில்லாத பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் உலோகத்தட்டே நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். செருகி மாறிச் செருகப்பட்டால் அத்தட்டு முழுவதும் உயிருள்ள கம்பியாகும். கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் பல நூறு வோல்ற்று தங்கியிருக்கக்கூடும். அதைத் தடையி வழியாக வடித்து, மானியால் அளந்து பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். புதிதாகக் கருவி செய்து பழகுவோர், மூடிய உறையுடைய ஆயத்த மின்வழங்கியைக் கடையில் வாங்கி, தம் கைவேலை முழுவதையும் அதன் தாழ்ந்த வோல்ற்றுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது சிறந்த வழியாகும்.

லயத்தின் அமைப்பு இக்கவனத்தை இன்னும் மிகுவிக்கின்றது. ஒரே தகரக்கூரை பல காம்பராக்களை மூடுகின்றது. ஒரு வீட்டின் தேய்ந்த கம்பி கூரையைத் தொட்டால் அடுத்த வீடுகளின் கூரையும் மின்னேறும். ஒரு காம்பராவில் ஏற்பட்ட மின்னொழுக்கு லயவரிசை முழுவதையும் எரித்துவிடலாம். தோட்டங்களில் பன்றிக்கென மின் பாய்ச்சி இழுக்கப்படும் கம்பி, பன்றியையும் மனிதனையும் வேறு பிரித்து அறியாது. சட்டமும் அதனை அனுமதிப்பதில்லை.

ஒருவர் மின்தாக்குண்டால் முதலில் அவரைத் தொடலாகாது. பிரதான ஆளியை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிப்பதே முதற்கடன். மூச்சில்லையேல் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 1990 என்னும் தொலைபேசி எண்ணில் ‘சுவசெரிய’ அம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

2024 ஏப்ரலில் உமா ஓயாத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. ஊவாவின் நீரே 120 மெகாவாற்று மின்சாரம் தரும் ஆற்றல் பெற்றது. ஒரு காலத்தில் ஸ்டோர் வாசலோடு நின்ற விசை இன்று ஒவ்வொரு காம்பராவின் சுவரிலும் இருக்கின்றது. அன்று ஓடுகின்ற பட்டிக்கு அஞ்சி விலகிய பாட்டனின் எச்சரிக்கை, ஓசையில்லாத இக்கம்பியின் முன்னே பேரனுக்கும் வேண்டும்.