படிப்புக்குப் படியளந்தது யார்? வாகூர்ச் செப்பேட்டிலிருந்து ஆஸ்திரேலிய எஞ்சினியரிங் வரை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், திண்ணையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்தில் அவர் பையன், அதாவது எனக்குத் தம்பி முறை, தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, கல்லுல செம்புல எழுதினதையெல்லாம் படிக்கிறியே, இந்தக் காகிதத்தக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. ஆஸ்திரேலியாவாம். எஞ்சினியரிங்கில ஏதோ மேல்படிப்பாம்."

தம்பி சிவில் எஞ்சினியரிங் முடித்தவன். புதுச்சேரி டவுனில் ஒரு ஏஜென்ட் மூன்று கோர்ஸ்களைக் குறித்துக் கொடுத்திருந்தார். மூன்றிலும் 'எஞ்சினியரிங்' என்ற சொல் இருந்தது. ஒன்று ஒன்றரை வருஷம், மற்ற இரண்டும் இரண்டு வருஷம். ஒன்றரை வருஷப் படிப்பைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். "செலவு கம்மின்னு சொன்னாரு" என்றார் சித்தப்பா. அந்தக் 'கம்மி'க்காக, ஏரிப் பாசனத்தில் இருக்கிற ஒரு காணி நஞ்சையை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எனக்கு விசா விஷயத்தில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒரு நிலம், ஒரு படிப்பு, இரண்டையும் சேர்த்து எழுதின ஒரு ஆவணம் என்றதும் மனசு நேராக 9ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது. நம்ம ஊர் வரலாற்றில் மிகப் பெரிய ஆவணமே அதைப் பற்றினதுதான்.

மூன்று ஊர், ஒரு வித்யாஸ்தானம்

1879இல் பாகூரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. இன்று அவை பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. (நம்ம ஊரிலிருந்து முதலில் வெளிநாடு போனது இந்தச் செம்புதான்னு நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) ஹுல்ட்ஷ் அதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா' 18ஆம் தொகுதியில் வெளியிட்டார். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆவணம் அது. வடமொழியும் தமிழும் கலந்தது.

விஷயம் இதுதான். வாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அன்றைக்கு பாகூர் 'வாகூர்'. நிலைதாங்கி என்ற தலைவன் கேட்டுக்கொண்டபடி, அந்த வித்யாஸ்தானத்துக்கு சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை வித்யாபோகமாக அரசன் கொடுக்கிறான். அந்த ஊர்களின் வருவாய் இனி படிப்புக்குப் போகும். அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டவை நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம் ஆகிய 14 வித்தைகள் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

இது ஒரு தனி நிகழ்ச்சி இல்லை. நம்ம பக்கத்திலேயே திருபுவனையில், சோழன் முதலாம் ராஜாதிராஜன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச்சாலையைச் சொல்கிறது. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அங்கே படித்த இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். படியளப்பது என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அப்போது நிஜமாகவே படி வைத்து அளந்த விஷயம்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் செப்பேட்டை இன்னொரு முறை படித்தால் இரண்டு விஷயம் உறுத்தும். அந்த மூன்று ஊர்களில் சேற்றில் இறங்கி நெல் விளைவித்தவன் பிள்ளைக்கு அந்த வித்யாஸ்தானத்தில் இடமில்லை. இரண்டாவது, ஏரிக்கு மதகு எங்கே வைக்கணும், கலங்கல் எவ்வளவு உயரம் இருக்கணும் என்கிற அறிவு அந்த 14 வித்தைகளில் இல்லை. அது தச்சன், கொல்லன், கரை வெட்டுகிறவன் கையில் இருந்தது. அந்தச் செப்பேட்டையே வெட்டினவர் காஞ்சிப் பக்கத்துத் தட்டார். அந்தக் கைத்திறமையை அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். அதற்கு எந்த அரசனும் ஊர் எழுதி வைத்ததாக இந்த ஆவணத்தில் இல்லை.

அதாவது, எதைப் படிக்கலாம் என்று தீர்மானித்தது படியளந்தவன்.

கம்பெனி போட்ட சோறு

எஞ்சினியரிங் பாடமாக மாறியபோதும் கதை அதேதான். 1794இல் மெட்ராசில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது. கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டது. வரி போடணும் என்றால் முதலில் அளக்கணும் இல்லையா? பையன்களுக்குச் சோறு போட்டது கம்பெனி, பாடத்தைத் தீர்மானித்ததும் கம்பெனி.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமக்கு வெளிநாடு என்றால் பாரிசும் சைகோனும்தான். பட்டாளம், சர்க்கார் உத்தியோகம், பென்ஷன். ஆஸ்திரேலியா என்ற பெயர் கிரிக்கெட் ஸ்கோரில் மட்டும்தான் இருந்தது. 1984 வாக்கில் புதுச்சேரி பொறியியல் கல்லூரி வந்த பிறகுதான், எஞ்சினியர் ஆக மெட்ராசுக்குப் போகத் தேவையில்லை என்ற நிலை நம்ம கிராமங்களுக்கு வந்தது.

ஆஸ்திரேலியா படியளந்த காலம்

1950 ஜனவரியில் கொழும்பில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். அதில் பிறந்தது கொழும்புத் திட்டம். ஆசிய நாடுகள் கம்யூனிசத்தின் பக்கம் சாயாமல் இருக்கணும் என்றால் அங்கே அணையும் சாலையும் ஆஸ்பத்திரியும் வேணும், அதைக் கட்ட ஆட்கள் வேணும் என்பது கணக்கு. ஆஸ்திரேலிய அமைச்சர் பெர்சி ஸ்பெண்டர் இதை முன்னெடுத்தவர்களில் ஒருவர். 1980களின் நடுப்பகுதிக்குள் சுமார் 20,000 ஆசிய மாணவர்கள் இந்தத் திட்டத்தில் ஆஸ்திரேலியா போய்ப் படித்தார்கள். இலங்கை, மலேயாத் தமிழர்களும் அதில் உண்டு. எஞ்சினியரிங் முன்வரிசைப் படிப்பு.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியேற விடாத கொள்கை நடைமுறையில் இருந்தது. 1901இல் சட்டமாக வந்தது, 1966இல் தளர்ந்து, 1973இல்தான் முழுசாக ஒழிந்தது. படிக்க வா, படித்து முடித்ததும் ஊருக்குப் போய் அணை கட்டு. இதுதான் ஒப்பந்தம். பையனுக்கு எந்தப் படிப்பு என்று அவன் அப்பா கவலைப்படவில்லை. இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவெடுத்தன.

1974இல் விட்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. 1980இல் வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் ஒரு கட்டணம் வந்தது. 1984இல் இரண்டு அறிக்கைகள் வந்தன. கோல்ட்ரிங் அறிக்கை, வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் உதவி தொடரணும் என்றது. ஜாக்சன் அறிக்கை, கல்வி ஒரு ஏற்றுமதித் தொழில் ஆகணும் என்றது. ஜெயித்தது ஜாக்சன். 1985இல் முழுக்கட்டணப் படிப்புகளுக்கு அனுமதி, 1990 முதல் புதிதாக வருகிற எல்லா வெளிநாட்டு மாணவருக்கும் முழுக்கட்டணம்.

படியளக்கிறவர் மாறிவிட்டார். பல்லவன் இல்லை, கம்பெனி இல்லை, கான்பெரா இல்லை. பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கிற ஒரு காணி நஞ்சை.

பட்டியலை நம்பினவர்கள்

படியளந்தவன்தான் பாடத்தைத் தீர்மானிப்பான் என்றால், இப்போது தீர்மானிக்க வேண்டியது சித்தப்பா. ஆனால் நடப்பது அப்படி இல்லை. 2000களில் ஆஸ்திரேலியாவில் சமையலும் முடிதிருத்தமும் படித்தால் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு வழி சுலபம் என்று இருந்தது. இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கோர்ஸ்களில் சேர்ந்தார்கள். அதற்கென்றே காளான் மாதிரிக் கல்லூரிகள் முளைத்தன. 2009இல் இந்திய மாணவர்கள் மீது தாக்குதல்கள், மெல்பர்னில் போராட்டம். 2010இல் திறன் பட்டியல் மாறி அந்தத் தொழில்கள் நீங்கின. பல கல்லூரிகள் மூடின. பணம் கட்டினது பஞ்சாபிலும் ஆந்திராவிலும் குஜராத்திலும் இருந்த நிலங்கள்.

எஞ்சினியரிங் அந்த அலையில் அடிபடவில்லை. காரணம், அந்தத் தொழிலுக்கு அங்கே 1919இலிருந்து ஒரு சங்கம் காவல் நிற்கிறது. இன்று அதன் பெயர் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கோர்ஸ் எஞ்சினியர் ஆக்கும் என்று அங்கீகாரம் தருவது அதுதான். 1989இல் ஆஸ்திரேலியா உட்பட ஆறு நாடுகள் வாஷிங்டன் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற நாலு வருஷ எஞ்சினியரிங் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்கும். இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் இங்கேதான் சூட்சுமம். நம்ம என்பிஏ அங்கீகாரத்தில் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று இருக்கிறது. உடன்படிக்கை செல்லுவது முதல் அடுக்குக்கு மட்டும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் பெறுவது இரண்டாம் அடுக்கு. தம்பியின் கல்லூரியும் அந்த ரகம்தான்.

திண்ணையில் எழுதின ஐந்து கேள்வி

ஆக அன்றைக்கு நானும் தம்பியும் ஒரு பேப்பர் எடுத்து, செப்பேட்டை வாசிக்கிற மாதிரி அந்த ஃபைலை வாசித்தோம்.

1. இந்தக் கோர்ஸ் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்த நிலையில்? அங்கே மூன்று நிலை: முழு எஞ்சினியர், டெக்னாலஜிஸ்ட், அசோசியேட். பெயரில் எஞ்சினியரிங் இருப்பதாலேயே எஞ்சினியர் ஆக்குகிற படிப்பு என்று அர்த்தமில்லை. மேலாண்மை கலந்த பல முதுநிலைப் படிப்புகள் ஏற்கெனவே எஞ்சினியராக இருப்பவருக்கானவை.

2. இல்லை என்றால் பிறகு என்ன? திறமையை நிரூபிக்கத் தனி அறிக்கை எழுதணும். செய்த வேலைகளை விவரித்து, அவர்கள் ஏற்றால்தான் உண்டு. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் பணம் கட்டிப் படித்த பிறகும் அதையே செய்யணும் என்றால், படித்தது எதுக்கு?

3. எத்தனை வருஷம்? படிப்புக்குப் பிறகு அங்கே வேலை செய்ய வாங்குகிற 485 விசாவுக்கு, குறைந்தது இரண்டு கல்வியாண்டு, அதாவது 92 வாரப் படிப்பு, அங்கே முடித்திருக்கணும். ஒன்றரை வருஷம் போதாது. 2022இல் கையெழுத்தான இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தப்படி, முதுநிலை முடித்த இந்தியர் மூன்று வருஷம் வரை இருக்கலாம். அதை இழந்துவிட்டுத்தான் 'செலவு கம்மி'.

4. கையில் எவ்வளவு காட்டணும்? ஒரு வருஷ வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர், 2024 மே மாதத்திலிருந்து. விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது போனதுதான். பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ போகிறது. படிக்கும்போது வேலை இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். சம்பாதித்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிற கணக்கு நிற்காது.

5. வேலை எங்கே? குவீன்ஸ்லாந்தில் 1929 சட்டத்திலிருந்தே எஞ்சினியர் பதிவு கட்டாயம். விக்டோரியாவில் 2021இலிருந்து. எந்த மாநிலத்தில் படிக்கிறாய் என்பதை விட, எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது முக்கியம்.

தம்பி மூன்று பல்கலைக்கழகத்துக்கும் அவனே மெயில் போட்டான். நாலு நாளில் பதில் வந்தது. சிவப்பு வட்டம் போட்ட ஒன்றரை வருஷப் படிப்புக்கு அங்கீகாரம் கிடையாதாம், "அதை நாங்கள் அப்படி விளம்பரப்படுத்துவதும் இல்லை" என்று நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷ சிவில் படிப்பு ஒன்றுக்கு முழு அங்கீகாரம் இருந்தது. அதன் செலவைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப ஒரு காணி போதாது."

"ஆமாம் சித்தப்பா."

"நீ என்னடா சொல்ற?" என்று பையனைக் கேட்டார். எனக்குத் தெரிந்து அந்த ஃபைல் வந்த நாளிலிருந்து அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்குத் தண்ணி சம்பந்தப்பட்ட வேலைதான்பா பிடிக்கும். ஏரி, வாய்க்கால், அந்த மாதிரி. அதுக்கு அங்க நல்ல படிப்பு இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் இங்க வேலை பாத்துட்டு, ஸ்காலர்ஷிப்புக்கும் போட்டுப் பாத்துட்டுப் போறேன். நெலத்த இப்ப விக்க வேணாம்."

சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன். வித்யாஸ்தானத்தில் இடம் கிடைக்காத அறிவைத்தான் அவன் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் அண்ணன் மறுபடி செப்பேட்டை ஆரம்பித்துவிட்டார் என்பான்.

சித்தப்பா ஃபைலை மூடி எழுந்தார். நிலம் கேட்டவரிடம் இந்தப் போகம் அறுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வருஷம் அவன் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனால், எதற்குப் போகிறான் என்பது அவனுக்கும் தெரியும், படியளக்கிற சித்தப்பாவுக்கும் தெரியும்.